‘அந்தப் பொண்ணு ஏன் அங்க போனா?’ என்று கேட்டதிலிருந்து மகள் என்னோடு பேசுவதில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. சாத்தூர் பக்கம் ஒரு ஊர். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். மகள் கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறாள். மகன் ஒன்பதாவது படிக்கிறான். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

நவம்பர் மாதம் கோவை விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலேஜ் பெண்ணை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போன செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. காலையில் பாலை அடுப்பில் வைக்கும்போதே போனில் செய்தியைப் போட்டுவிடுகிறேன். படுக்கும்வரை ஓடுகிறது. ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மகளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போன் பண்ணுகிறேன். லைவ் லொகேஷன் போடச் சொன்னேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் ரூமைக் காட்டச் சொல்வேன்.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, ‘ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு எதுக்கு அங்க போகணும்?’ என்று சொல்லிவிட்டேன். ‘உன்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்லம்மா’ என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ‘சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்’, அவ்வளவுதான். லொகேஷனையும் ஆஃப் பண்ணிவிட்டாள். கணவர், ‘நியூஸ் பார்க்காத, எல்லாம் சரியாயிடும்’ என்கிறார். மாமியார், ‘படிச்சது போதும், கூட்டிட்டு வந்து மாப்பிள்ளை பாருங்க’ என்கிறார். டிசி வாங்கி இங்கேயே பக்கத்துக் காலேஜில் சேர்த்துவிடலாமா? எனக்கு ஏதும் மனநோயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பயம். பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. மகள் படிக்கிற அதே ஊரில், அவள் வயதை ஒத்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒன்று நடந்திருக்கிறது. அதைக் கேட்டும் எதுவுமே தோன்றவில்லை என்று ஒரு தாய் எழுதியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். ஆனால் அந்தப் பயம் இப்போது உங்கள் தூக்கத்தையும், மகளோடு இருந்த பேச்சையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. செய்தியைக் குறைத்தால் உங்கள் உடம்புக்கு நல்லது. ஆனால் எல்லாம் சரியாகிவிடாது. போனை அணைத்தாலும் மகள் பேச மாட்டாள், இல்லையா?

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் அவர்களுடைய மனநிலையை விசாரித்தார்கள். குண்டு வெடித்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தவர்களைவிட, அந்த ஒரு வாரம் தினமும் ஆறு மணிநேரத்துக்கு மேல் அதைப் பற்றிய செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களிடம் மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கேட்க விசித்திரமாக இருக்கும். நடந்தது ஒரு தடவைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்திருக்கிறது. பால் காயும் நேரத்திலிருந்து படுக்கும்வரை பார்க்கிறீர்கள் என்றால் நீங்களும் ஆறு மணிநேரத்தைத் தாண்டியிருப்பீர்கள்.

‘ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று வருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டில் நடப்பதெல்லாம் அதுதான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. யூடியூபுக்கு நீங்கள் பயந்துபோயிருக்கும் ஒரு அம்மா என்பது தெரியாது. இந்த மாதிரி வீடியோவைக் கடைசிவரை பார்த்தீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் கான்பூரில் நடந்தது, மூன்று வருடம் முன்னால் நடந்தது, நடக்கவே நடக்காதது என்று எதையெல்லாமோ எடுத்துப் போடும். உங்கள் மகனை உட்காரவைத்து ஆட்டோபிளேயை நிறுத்தச் சொல்லுங்கள். பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட வீடியோ மறுபடி வந்தால் அதன் ஓரத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஆர்வமில்லை’ என்று கொடுங்கள். செய்தி வேண்டுமென்றால் காலையில் ஒரு பேப்பர் படியுங்கள். கடைக்கு வருகிற பேப்பர் போதும். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, அதோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்தது உங்களுக்கு நிச்சயம் நினைவிருக்கும். அந்தக் குற்றவாளிக்கு ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்து, 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது எத்தனை தடவை உங்கள் போனில் வந்தது? அதற்குச் சில வாரம் முன்பு, மே 13 அன்று, பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அது? வந்திருக்கும், ஒன்றிரண்டு நாள் ஓடியிருக்கும். நடந்ததைச் சொல்கிற செய்திதான் மாதக்கணக்கில் ஓடுகிறது. நாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. பொள்ளாச்சித் தீர்ப்புக்கு ஆறு வருடம் ஆனது, அது எனக்கும் கோபம்தான். நீங்கள் பார்ப்பது பாதிக் கதை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த ஏழெட்டு போன். போன் எடுத்து ‘நல்லா இருக்கேன்மா’ என்று அவள் சொன்னதும் நெஞ்சு இறங்குகிறது. பத்து நிமிடம், அரைமணிநேரம் நிம்மதி. மறுபடி ஏதோ ஒரு வீடியோ, மறுபடி படபடப்பு, மறுபடி போன். சொறிந்தால் அரிப்பு அடங்கி, அப்புறம் கூடுதலாக வருவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு தடவை விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்ளும்போதும், விசாரிக்காமல் இருக்கும் பலம் கொஞ்சம் குறைகிறது. லொகேஷன் விஷயமும் அப்படித்தான். அந்த நீலப் புள்ளி அவளுடைய போன் எங்கே இருக்கிறது என்று காட்டும். அவள் எப்படி இருக்கிறாள் என்று காட்டாது. அந்தப் புள்ளி ஹாஸ்டலிலேயே இருந்து, அதே ஹாஸ்டலில் அவளை ஒருவர் தொந்தரவு செய்துகொண்டிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னால்தான் தெரியும்.

அவள் சொல்வாளா என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிகிற விஷயம். நீங்கள் அதைப் பேச்சோடு பேச்சாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

‘ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு எதுக்கு அங்க போகணும்?’

இதை ஏன் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. உங்களிடம் இரக்கம் இல்லாமல் இல்லை. தூக்கம் கெட்டு அழுகிறவர் நீங்கள். 1966-ல் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் தன் சக ஆய்வாளரோடு ஒரு சோதனையை வெளியிட்டார். தப்பான பதில் சொல்லும் ஒரு பெண்ணுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கப்படுவதாக மாணவிகளை நம்பவைத்துப் பார்க்கச் செய்தார்கள். உண்மையில் அது நடிப்பு. அந்தப் பெண் படும் அவஸ்தையைத் தங்களால் நிறுத்த முடியாது என்று ஆனபோது, பார்த்தவர்கள் போகப்போக அந்தப் பெண்ணையே மட்டமாகப் பேசத் தொடங்கினார்கள். காரணமில்லாமல் ஒருத்திக்குக் கொடுமை நடக்கலாம் என்பது தாங்க முடியாத எண்ணம். அவள் ஏதோ தப்புச் செய்தாள் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தப்பைச் செய்யாத என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் நிம்மதி தேடிக்கொள்ளலாம். உங்கள் வாயிலிருந்து வந்தது அந்த நிம்மதிக்கான முயற்சி.

ஆனால் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு 19 வயது. அவள் காதில் விழுந்தது வேறு. ‘நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அம்மா முதலில் என்னைத்தான் கேள்வி கேட்பாள்.’ அவள் போனை வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோபம்தான் என்று நான் நினைக்கவில்லை. பயந்திருப்பாள்.

இது வெறும் மனத்தாங்கல் என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் அந்த ஆள் எதை வைத்து மிரட்டினான் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வீடியோ எடுத்துவிட்டேன், வெளியே விட்டுவிடுவேன் என்றுதான். பொள்ளாச்சியிலும் வீடியோதான். இந்த மாதிரி ஆட்களுடைய முக்கியமான ஆயுதம் ‘வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்’ என்று ஒரு பெண்ணுக்கு இருக்கும் பயம். வீட்டில் படிப்பை நிறுத்துவார்கள், அடிப்பார்கள், ஏன் போனாய் என்று கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுக்கும்வரை பொள்ளாச்சியில் எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்! அந்த வழக்கு நின்றதற்குக் காரணம், பாதிக்கப்பட்ட பெண்கள் வந்து சாட்சி சொன்னதும், சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழாததும்தான். அண்ணா பல்கலைக்கழக மாணவி அடுத்த நாளே புகார் கொடுத்தார், மறுநாள் ஆள் பிடிபட்டான்.

அதனால் நான் நேராகவே சொல்கிறேன். உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பாதுகாப்புகளில் பெரியது, எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை. நீங்கள் கூட்டுகிற ஒவ்வொரு கண்காணிப்பும் இப்போது அதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. லொகேஷனை அணைத்தவள் உங்களிடமிருந்து எதையோ மறைக்கிறாள் என்று நினைக்காதீர்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர்களும் மூச்சு முட்டினால் கதவைச் சாத்துவார்கள்.

என்ன செய்யலாம்? போனில் வேண்டாம். அடுத்து அவள் லீவுக்கு வருவதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டுக் கோவைக்குப் போங்கள். திடீரென்று போய் நிற்காதீர்கள், அது சோதனை போட வந்த மாதிரி ஆகிவிடும். வார்டனைப் பார்த்து விசாரிக்காதீர்கள். அவளுக்குப் பிடித்ததைச் செய்து எடுத்துப் போங்கள், ஊர்க் காராச்சேவும் ஒரு பொட்டலம், ரூம் பிள்ளைகளுக்கும் சேர்த்து. சாப்பிட்டு முடித்தபிறகு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘அன்னைக்கு அந்தப் பொண்ணைப் பத்தி நான் பேசினது தப்பு. எனக்குப் பயம், அதான் அப்படி வந்துருச்சு. நீ எங்க போனாலும், யாரோட போனாலும், எத்தனை மணி ஆனாலும், ஒரு பிரச்சினைன்னா எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும். ஏன் போனேன்னு கேக்க மாட்டேன். அதுக்காகப் படிப்பை நிறுத்த மாட்டேன்.’

உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். வெளியூரில் படிக்கும் பெண்கள் என்னிடம் பேசும்போது, ஒரு தொந்தரவை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டால், அவமானம் என்று சிலர் சொல்வார்கள், அதைவிட அதிகம் பேர் ‘கூட்டிட்டுப் போயிருவாங்க’ என்றுதான் சொல்வார்கள். அந்த வாக்குறுதியைக் கொடுப்பதற்கு முன் கணவரிடம் பேசி அவரையும் சம்மதிக்க வையுங்கள். நீங்கள் கொடுத்த வாக்கை அவர் மீறினால் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

சொன்ன உடனே அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ‘சரி’ என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பாள். அப்புறம் சில வாரம் கழித்து உங்களைச் சோதிப்பாள். ‘நேத்து ஹாஸ்டலுக்கு லேட்டா வந்தேன்’ என்றோ, ‘என் ஃப்ரெண்டு ஒருத்தி ஒரு பையன்கூட பேசறா’ என்றோ சின்னதாக ஒன்று வந்து விழும். அந்த இடத்தில் உங்கள் குரல் ஏறாமல் இருக்க வேண்டும். ‘அப்படியா, அப்புறம்?’ என்று கேளுங்கள். உள்ளே என்ன வேண்டுமானாலும் கொதிக்கட்டும்.

போன் விஷயத்தை அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு தடவை, அவள் பண்ணுவாள், நீங்கள் எடுப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் வெளியூர் போனாலோ, இரவுப் பயணம் என்றாலோ அவளே லொகேஷன் அனுப்பட்டும், போய்ச் சேர்ந்ததும் நிறுத்திக்கொள்ளட்டும். பகலில் போன் பண்ணத் தோன்றினால் முதல் சில நாள் கை நடுங்கும். எழுந்து வேறு வேலை பாருங்கள். அந்தப் படபடப்பு ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். நீங்கள் போன் பண்ணாமலேயே அது இறங்குகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் எளிது.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கும். செய்வதற்கு உருப்படியான வேலைகள் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை இருவர் போனிலும் ஏற்றுங்கள். 112 அவசரத்துக்கு, 181 பெண்களுக்கான உதவி எண் என்பது அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரியாமல் இருக்கலாம். அவள் கல்லூரியில் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையே இல்லை என்றால், அதைக் கேட்கத் தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் கல்லூரி முதல்வரைப் பார்க்கலாம். அந்தப் பயணத்துக்கு அர்த்தம் உண்டு.

சட்டத்தில் சில விஷயங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் குற்றம் என்றால் பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் குற்றம். நடைமுறையில் இது மீறப்படுகிறது என்பதும் உண்மை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி, விசாரணையை மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது சென்னை உயர் நீதிமன்றம். அந்த அறிக்கை பாதிக்கப்பட்டவரையே பழிசொல்கிற மாதிரி எழுதப்பட்டிருந்ததையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வியை அதிகாரிகளும் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கு ஆறுதலா, கவலையா என்று தெரியவில்லை. எனக்குக் கவலை.

படத்தை வைத்து மிரட்டினால் என்ன செய்வது என்பதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிரட்டலுக்குப் பணிந்து பணமோ மறுபடி ஒரு படமோ அனுப்பக் கூடாது. சாட்களை அழிக்கக் கூடாது, அவைதான் சாட்சி. ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இணையதளத்தில், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் நம் போனிலேயே உருவாக்கிப் பதியலாம். அதில் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படம் பரவுவதைத் தடுக்க அதைப் பயன்படுத்துகின்றன. இது 18 வயதானவர்களுக்கு. இதையெல்லாம் அவளுக்கு நீங்கள் பாடமாக நடத்த வேண்டாம். ‘எனக்கு இது தெரியாதே, நீ பார்த்துச் சொல்லேன்’ என்று கேளுங்கள்.

டிசி வாங்கலாமா? என் கருத்து, வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்தது வளாகத்துக்குள்ளே. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் அந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டது தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் சொல்கிறது. சொந்தம், பக்கத்து வீடு, பழகியவர். கோவையிலிருந்து கூட்டிவந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு இதில் சரியாக வரவில்லை. கூட்டிவந்தால் ஒன்று நிச்சயம் நடக்கும்: யாரோ மூன்று பேர் செய்த குற்றத்துக்கு உங்கள் மகள் தண்டனை அனுபவிப்பாள். அவளே ‘எனக்கு இங்க பிடிக்கல, வந்துடறேன்’ என்று கேட்டால் அது வேறு பேச்சு, அப்போது காரணத்தைக் கேட்டு முடிவெடுங்கள்.

மாமியாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் கணவரின் வேலை. ‘படிப்பு முடியட்டும்மா’ என்று அவர் ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் அது மருமகள் பேச்சாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மகன் ஒன்பதாவது படிக்கிறான் என்று மூன்றே சொல்லில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். உங்கள் போனில் ஓடும் அத்தனை செய்தியும் அவன் காதிலும் விழுகிறது. ‘அந்தப் பொண்ணு ஏன் அங்க போனா’ என்று நீங்கள் சொன்னபோது அவனும் கூடத்தில் இருந்திருப்பான். அக்காவுக்கு லொகேஷன், வீடியோ கால், ரூமைக் காட்டு, அவனுக்கு ஒன்றுமில்லை. இதிலிருந்து அவன் என்ன புரிந்துகொள்வான்? பொள்ளாச்சிக் குற்றவாளிகளும் ஏதோ ஒரு வீட்டில் ஒன்பதாவது படித்தவர்கள்தான். பயப்படாதீர்கள், உங்கள் மகனை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு அவனோடும் நடக்க வேண்டும், முடிந்தால் அப்பா பேச வேண்டும். கடையில் சாயங்காலம் கூட்டமில்லாத நேரத்தில் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்தால் என்ன செய்வாய், நண்பன் ஒருவன் ஒரு பெண் பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்தால் என்ன சொல்வாய் என்று அவனைக் கேட்கட்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் திட்டாமல் பேசட்டும். கணவர் உங்களைச் செய்தி பார்க்காதே என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாரே, அவருக்கும் ஒரு பொறுப்பு வந்ததாக இருக்கும். என் அனுபவத்தில், ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்கிற அப்பாக்களில் பலர் உள்ளுக்குள் அம்மாவைவிடப் பயந்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் உடம்பு. 46 வயது, தூக்கமின்மை, படபடப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் செய்தியின் தலையில் போட நான் தயாராக இல்லை. மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் இதே தொல்லைகள் தனியாகவே வரும். தைராய்டு கூடினாலும் நெஞ்சு இப்படி அடிக்கும். ரத்தம் குறைந்தாலும் அடிக்கும். மாதவிடாய் முன்பு போல வருகிறதா, இரவில் உடம்பு சுட்டு வியர்க்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். செய்தியைக் குறைத்து ஒரு மூன்று வாரம் ஆகியும் தூக்கம் திரும்பாவிட்டால், வீட்டு வேலை ஓடாவிட்டால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரி எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும்கூட, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கோவைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.